இரண்டாவது அலறல்

என் தம்பிக்கு மனப்பாடம் என்பது சுட்டுப் போட்டாலும் வராது. அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசில் வராது, அவனுக்கு இது. பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில், ஆள் பார்க்க லட்சணமாக இருக்கிறான் என்று அவனுக்கு ராஜா வேஷம் கொடுத்தார்கள். மொத்தம் ஏழு வரி. ஒரு மாதம் வீட்டில் தலைகீழாக நின்றும் நாலாவது வரியைத் தாண்டவில்லை. கடைசியில் நான்தான் மேடை ஓரத்தில் திரைக்குள் ஒளிந்துகொண்டு ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குப் பத்து வயது, எனக்குப் பதினெட்டு. கைதட்டல் வந்தபோது அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, திரை இருந்த பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நீங்கள் கேட்டது அன்றைக்கு நடந்ததை. அதற்குத்தான் வருகிறேன், மேடம். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாமல் எழுதிக்கொண்டால் உங்களுக்கே பாதியில் குழம்பிவிடும்.

நான் ப்ராம்ப்டர். கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் நின்றுகொண்டு, நடிகருக்கு மெல்லிய குரலில் வசனத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு, தனக்கே தோன்றியது போல அவர் பேசுவார். படப்பிடிப்பில் பதிவாகும் சத்தத்தை பைலட் என்பார்கள். அதில் சகலமும் இருக்கும். என் குரல், ஜெனரேட்டர், யாரோ தும்முவது, வெளியே குரைக்கிற நாய். பிறகு ஒருநாள் நடிகர் டப்பிங் தியேட்டருக்குப் போய், அந்த பைலட்டைக் காதில் கேட்டுக்கொண்டே, திரையில் தன் உதட்டைப் பார்த்துச் சுத்தமாக மறுபடி பேசுவார். அதோடு பைலட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் என் தம்பி திரையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் முதலில் என் வாயிலிருந்து வந்தது. எந்தப் படத்திலும் என் குரல் கிடையாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டாள். அப்பா எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு யாரும் காரணமில்லை. இந்தப் படம் முடியட்டும், அடுத்த படம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டதில் வயசு ஓடிவிட்டது. எனக்கென்று யாரும் இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரி உச்சுக்கொட்டினால் சிரிப்பு வரும். கண்ணுக்கு நிறைவாக ஒரு தம்பி இருக்கிறான், வாய் திறக்க வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்க்கிறவன். எத்தனை பெண்டாட்டிக்கு அப்படி ஒரு புருஷன் வாய்த்திருக்கிறான்?

'பூட்டாத அறை' நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றாலும் அந்த அலறலைக் கேட்டிருப்பீர்கள். கொஞ்ச நாள் பாதி ஊர் அதைப் போனில் வைத்துக்கொண்டு அலைந்தது. அந்தப் படத்தில் பேயே கிடையாது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மேக்கப்காரர் ஒரு பேய் செய்துதான் கொண்டுவந்தார். காயப்போட்ட போர்வைக்குப் பல் கட்டின மாதிரி இருந்தது. லைட்மேன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டைரக்டர் கெட்டிக்காரர், பேயைக் காட்டவே வேண்டாம், கதவைத் திறக்கிறவன் முகத்தைக் காட்டினால் போதும் என்று முடிவு செய்தார். கடைசிக் காட்சி முழுவதும் ஒரே ஷாட். கதவைத் திறக்கிறான், உள்ளே பார்க்கிறான், அலறுகிறான். நாற்பது விநாடி. கேமரா அறைக்குள்ளே இருந்தது, அதன் பக்கத்தில் நான் இருந்தேன். வசனம் இல்லாவிட்டாலும், 'இப்போ கையை எடு, இப்போ பின்னால போ' என்று நான் சொல்ல வேண்டும். படம் பார்க்கிறவர்களுக்கு அவன் பேயைப் பார்க்கிறான். உண்மையில் அவன் பார்த்தது என்னை.

முதல் நாள் பதினான்கு டேக் ஆயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டவன் கூப்பிடுவது போல அலறினான். டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் செட் போட்டிருந்த ஷெட் மறுநாள் சாயங்காலம் வரைதான் எங்களுக்கு. அதற்கு மேல் அங்கே ஒரு விளம்பரப் படம் எடுக்க வேறு ஆட்கள் வருகிறார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மா மூன்று வாரமாக அங்கேதான் இருந்தாள். நர்ஸ் நல்ல பெண், அழுதுகொண்டே சொன்னாள். அவன் போனும் என் போனும் என் கையில்தான் இருக்கும். ஷாட்டின் நடுவே ஹீரோவுக்குப் போன் வரக்கூடாது என்பது எல்லா யூனிட்டிலும் உள்ள வழக்கம். உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஓடியிருப்பான், ஷெட் போயிருக்கும், படம் போயிருக்கும், அம்மா திரும்பி வந்திருக்க மாட்டாள். யோசித்துப் பாருங்கள், இதில் எது தப்பு? ஐந்து மணி நேரம் அந்தச் சேதியை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு வியர்வை துடைத்துவிட்டேன். ஒன்றுமே வாய்க்காத நாலு டேக்குக்குப் பிறகு, ஐந்தாவதில் அவன் கதவைத் திறந்தபோது, என் இடத்தில் நின்றபடியே சொன்னேன்.

"அம்மா போயிட்டாடா."

அதுதான் நீங்கள் கேட்ட அந்த அலறல். டப்பிங்கில் அவனால் அதை மறுபடி கொடுக்க முடியவில்லை. பைலட்டையே எடுத்து, என் குரலை மட்டும் துடைத்துவிட்டுப் படத்தில் வைத்தார்கள். சேதி அப்போதுதான் வந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. அன்று என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை அக்கா, நீ பக்கத்துல இருந்தே" என்றான். வேறு யாராவது போனில் சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டானாம்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம், பதினொரு படம். எல்லாம் பேய்ப் படம். ஊர் ஊராகக் கதவைத் திறந்து அலறினான். எவனுக்கும் பயம் வரவில்லை. ஒரு பத்திரிகைக்காரர், 'முதல் படத்தில் பேயைப் பார்த்தவர் இதில் பல் டாக்டரைப் பார்க்கிறார்' என்று எழுதினார். சிரிப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். ஒரு டைரக்டர் கதவுக்குப் பின்னால் நிஜப் பாம்பைக் கொண்டுவந்து வைத்தார். இவன், "பாவம்க்கா, அதுக்கு லைட்டு கூசுது" என்றான். பொங்கிவரும் துக்கத்தில் ஒருமுறை கத்தினவனுக்குப் பொய்யாகக் கத்த வராது போலிருக்கிறது. நடிக்கத் தெரியாத நடிகன். என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

இதற்கு நடுவில் கல்யாணம் செய்துகொண்டான். பெண் பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவோம். தங்கமான பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குழந்தை பிறந்தாள். மூக்கும் முழியுமாக அப்படியே என் தம்பி. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், அதனால் வாண்டு என்று பெயர் வைத்தேன். நான் வைத்த பெயர்தான் நிலைத்தது.

வாண்டுக்கு ஒரு தடவை கேட்டால் போதும், எதுவும் மறக்காது. அப்பனுக்கு இல்லாததெல்லாம் மொத்தமாக அவளுக்கு வந்திருந்தது. காலையில் நான் அவனுக்கு வசனம் படித்துக் காட்டும்போது பக்கத்தில் பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். மறுநாள் சாப்பிடும்போது அவன் தடுமாறினால், நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, 'இந்த வீட்டுல யாரோ இருக்காங்க', அதான் அடுத்தது" என்பாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். "அத்தைக்கு இனிமே லீவு விட்டுடலாம்" என்றான் தம்பி. விளையாட்டாகத்தான் சொன்னான்.

அவளுக்கு மாதம் ஒருமுறை வீசிங் வரும். மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். வீட்டில் மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் இருந்தது. அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, புதிதாக வந்த மனைகளில். வாடகை வண்டிக்காரன் வழி கண்டுபிடித்து வருவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே கார் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். ஷூட்டிங் நாட்களில் மட்டும் கார் எங்களோடு வரும்.

எட்டாவது வருஷம் தம்பி ஒருநாள் என்னிடம் வந்து, சினிமாவை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். டீச்சரின் அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, பெயிண்ட், குழாய். இவனையும் கூடவே வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

"எனக்கு இப்பல்லாம் பயமே வர மாட்டேங்குதுக்கா" என்றான். "வீட்டுக்கு வந்தா வாண்டு ஓடி வந்து கால்ல தொங்குறா. அப்புறம் எதுக்குப் பயப்படறது?"

முகம் அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. கன்னம் வைத்து, லேசாகத் தொப்பை போட்டு, அழகாகத்தான் இருந்தான். அவனுடைய திறமை வீணாகிறதே என்றுதான் நினைத்தேன். ஹார்டுவேர் கடையில் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை என்பதும் தோன்றியது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

அந்த வாரமே பழைய டைரக்டர் வந்தார். அவருக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் விளங்கவில்லை. 'பூட்டாத அறை' இரண்டாம் பாகம். அதே ஹீரோ, அதே கதவு, கடைசியில் அதே மாதிரி நாற்பது விநாடி. தம்பி முடியாது என்றான். நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன். "இந்த ஒண்ணு மட்டும் பண்ணு. நல்லபடியா முடிச்சிட்டுத் தலை நிமிர்ந்து வெளியில வா. தோத்துட்டுக் கடைக்குப் போனான்னு யாரும் சொல்லக் கூடாது" என்றேன். அது அவனுக்குப் பிடித்தது. டைரக்டர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, அந்தக் கடைசி ஷாட்டு வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இனி அன்றைய தினம்.

காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்பது மணிக்கு முதல் டேக். முன்பு போலவேதான், பஸ்ஸைத் தவறவிட்ட கதை. மூன்றாவது டேக்கின்போதே லைட்மேன் ஒருவர் கொட்டாவி விட்டார். தம்பி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

பத்து பத்துக்கு டீச்சர் போன் செய்தாள். வீசிங் அதிகமாக இருக்கிறது, மெஷின் வைத்தும் கேட்கவில்லை, காரை அனுப்புங்கள் என்றாள். அனுப்புகிறேன் என்று சொன்னேன். சொன்னபடி கார் நிற்கிற இடத்துக்கு நடந்தும் போனேன். டிரைவர் மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டு, "எங்கக்கா போகணும்?" என்றார். "ஒண்ணுமில்ல, கண்ணாடியை ஏத்தி விடு, தூசி விழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். டிரைவரிடம் சொன்னால் அவர் தம்பியிடம் சொல்லிவிடுவார், தம்பி வேஷத்தோடு ஓடிவிடுவான், அன்றைய வேலை கெட்டுவிடும். அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் இது.

பத்து ஐம்பதுக்கு மறுபடி போன். எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறேன் என்கிறார், போகட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்மா, எதிர்காத்து அடிக்கும், இன்னும் மோசமாயிடும். கார் வந்துட்டே இருக்கு" என்றேன். எந்த வீட்டுப் பெரிய மனுஷியும் சொல்லக்கூடிய புத்திதான். "சரிங்க அண்ணி" என்றாள். அவள் என் பேச்சைத் தட்டியதே கிடையாது. பின்னால் வாண்டு இருமுவது கேட்டது.

பதினொன்று இருபத்தைந்துக்கு நான் என் இடத்தில் நின்றிருந்தேன். பத்தாவது டேக்கும் சொதப்பல். "கட் பண்ணாதே, ஓடட்டும், அப்படியே இன்னொரு தடவை போலாம்" என்று டைரக்டர் சொன்னார். தம்பி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றான். அப்போது போன் அதிர்ந்தது. எடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினேன், வைத்தேன். கதவு திறந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"வாண்டு போயிட்டாடா" என்றேன்.

அதை நான் விவரிக்க மாட்டேன். படத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் வந்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொட்டாவி விட்ட லைட்மேன் சுவரில் தலையை வைத்து அழுதார். டைரக்டர் கட் சொல்லவே இல்லை. தம்பி அப்படியே சரிந்து கதவில் மண்டை இடித்து விழுந்தான். யூனிட் டாக்டர் வந்து ஊசி போட்டார். மேக்கப் அறையில் மூன்று மணிவரை தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டேன். அவன் கையில் ஒட்டியிருந்த பொய் ரத்தத்தைத் துணியால் துடைத்தேன். கண் விழித்ததும் என்னைத்தான் தேடினான். இருபது வருஷத்தில் நான் அவ்வளவு அழுததில்லை, மேடம். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள். என் கையில் வளர்ந்த குழந்தை அவள். நான் வைத்த பெயர் அது.

ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். தம்பி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். குளிக்கப் போகும்போதுகூட எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போவான். இறந்த நேரம், பன்னிரண்டு நாற்பது.

இரண்டு மாதம் கழித்து டப்பிங். நான் வேண்டாம் என்றேன், டைரக்டரும் வேண்டாம் என்றார், பைலட்டையே வைத்துக்கொள்ளலாம் என்றார். தம்பிதான் பிடிவாதமாக வந்தான். "பைலட்டுல ஜெனரேட்டர் சத்தம் இருக்காம்க்கா. வாண்டு போன அன்னிக்கு எடுத்தது, அது சுத்தமா இருக்கணும்" என்றான். டப்பிங் தியேட்டரில் மைக்குக்கு முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நான் பின்னால் நாற்காலியில். இத்தனை வருஷத்தில் டப்பிங்குக்கு அவனோடு போய் எத்தனையோ தடவை தூங்கியிருக்கிறேன். எனக்கு அங்கே வேலை கிடையாது. அதனால் ஒன்றை யோசிக்கவே இல்லை. டைரக்டர் கட் சொல்லாமல் ஓடவிட்டார் இல்லையா? அந்த நேரம் முழுக்க மைக் திறந்தே இருந்தது. என் இடம் கேமராவுக்குப் பக்கத்தில். மைக்கும் அங்கேதான்.

டப்பிங் என்ஜினியர் ஸ்பீக்கரிலும் வைத்தார், அதனால் எனக்கும் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். போன் அதிர்கிற சத்தம். பிறகு என் குரல்.

"பாதி வழி வந்துட்டான்மா. பாப்பாவை ரோட்டுக்குக் கொண்டு வராதே, வாசல்லயே இரு."

வெளியிலிருந்து தம்பி குரல்: "யாருக்கா போன்ல?"

"ராங் நம்பர். நீ கதவைத் திற."

கதவு திறக்கிற சத்தம். வாண்டு போயிட்டாடா. பிறகு அது.

திரையின் மூலையில் படம் எடுத்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், எந்தத் துண்டு எது என்று தெரிவதற்காக. பதினொன்று இருபத்தாறு என்று இருந்தது. தம்பி பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். அலறவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் ஒழுங்காக மாட்டினான். என்ஜினியரிடம் ஒரு வணக்கம் வைத்தான். என் நாற்காலியைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனான்.

ஆம், நான் சொன்னபோது குழந்தை உயிரோடு இருந்தாள். ஷாட் முடிந்த அடுத்த நிமிஷமே காரை அனுப்பினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஐந்துக்குக் கார் போனபோது டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாளாம். பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி. அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ ஊர் சுற்றப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். அவர் வாசலில் நின்று, "எனக்குப் பதினொன்றரைக்குத்தான் சொன்னாங்க, என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்று கத்தினார். சாவு வீட்டில் யார் காதில் விழும்? வேலையை விட்டு நிறுத்திவிட்டோம். அவர் விஷயத்தில் நான் செய்தது தப்புதான்.

நீங்கள் இரண்டு நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். பொய் சொல்வது என்று முடிவு செய்துவிட்டாய், பிறகு காரை அனுப்புவதில் என்ன கஷ்டம், டிரைவரை ரகசியமாக அனுப்பியிருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. டிரைவர் உளறிவிடுவார் என்று சொன்னேனே, அது காரணமில்லை. அவர் வாயில்லாப் பூச்சி. சொல்லாதே என்றால் சொல்ல மாட்டார்.

வீசிங் என்று சொன்னால் தம்பி ஓடுவான், அலற மாட்டான். செத்துப்போனாள் என்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, 'தப்பாகச் சொல்லிவிட்டார்களடா, நன்றாக இருக்கிறாள்' என்று சொல்லிவிடலாம். சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றுவான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் அவன் என் வார்த்தையைக் கேட்கிறவன் இல்லை, என் முகத்தைப் பார்க்கிறவன். பத்து வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான். அதில் ஒரு சுருக்கம் மாறினால் அவனுக்குத் தெரியும். எனக்கு நடிக்க வராது, மேடம். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வராது. குழந்தை காரில் ஏறிவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். அவள் நிஜமாகவே போய்விடக்கூடும் என்று எனக்கு இருக்க வேண்டும். அது என் கண்ணில் தெரிய வேண்டும். அதற்குத்தான் மரத்தடிவரை போய்த் திரும்பி வந்தேன். அவள் இருமுவதைக் கேட்ட காதோடு அங்கே நின்றேன். அன்று அவன் என் முகத்தில் பார்த்ததில் ஒரு துளி பொய் இல்லை.

ஆகவே கொன்றாயா என்று கேட்டால், ஆமாம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவள்தான் ஞாபகத்துக்கு வருகிறாள், 'அதான் அடுத்தது' என்று சொல்கிற அந்தக் குரல். காதைப் பொத்திக்கொண்டாலும் நிற்பதில்லை.

படம் வந்தது, ஓடியது, விருதும் கொடுத்தார்கள். அதை வாங்க அவன் போகவில்லை. ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, அவளும் கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாளாம். புகாரும் பைலட் பதிவும் அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான் என்றீர்கள். என்னை அக்கா என்று சொல்லாமல், 'அந்தப் பெண்மணி' என்று எழுதியிருப்பதாகவும் சொன்னீர்கள். அதை வக்கீல் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும், உள்ளே எனக்கு ஏதாவது ஆகிவிட்டாலும், அவனிடம் போனில் சொல்லாதீர்கள். யாராவது நேரில் போக வேண்டும். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, எதிரே நின்று, அவன் முகத்தைப் பார்த்து, உன் அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காதது போல ஆணியை நிறுத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும், விழுந்தால் பிடித்துக்கொள்ள. என் தம்பியை எனக்குத் தெரியும், எனக்காக அவன் தாங்க மாட்டான்.